மேல் ச-வுக்கு ஒரு கட்டை கீழே

போடிநாயக்கனூர்
21 ஏப்ரல் 2025

சுந்தர்ராஜ்,

நேற்று ஈஸ்டர் ஆராதனையில் என் பாட்டிலிருந்து ஒரு சுரத்தை எடுத்துவிட்டாய். என்னிடம் கேட்காமல் எடுத்தாய். புதிதாக அச்சடித்த பாடகர் புத்தகத்திலும் அதைக் காணவில்லை. பாட்டுக்கு மேலே மட்டும் ‘ஞானசெல்வி ஜெபராஜ்’ என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்தப் பெயருக்கு உரியவள் இதை எழுதவில்லை.

ஸ்தோத்திரம் சொல்லாமல் ஆரம்பித்தது மறதியால் அல்ல.

நாற்பத்து நான்கு ஈஸ்டராகத் தேனி சபையில் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். பெண்கள் கல்லறைக்கு வருகிறார்கள். கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்து “காணோம்” என்கிறார்கள். அந்தச் சொல்லில் நான்கு குரலும் நிற்க வேண்டும். அடியில் ச, அதன்மேல் சின்ன க, அதன்மேல் ப, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய நி. நேற்று நி வரவில்லை. மேல் ச வந்தது. அதைப் பாடுகிற சிம்ரனும் வரிசையில் இல்லை.

இருக்கும் என்று நம்பி உட்கார்ந்த நாற்காலி இல்லாமல் தரையில் விழுந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். அதனால்தான் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே வந்தேன். உன் அத்தான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். போனில் “அக்கா, அக்கா” என்று நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். என்ன நடந்தது என்று எழுது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்.

ஞானசெல்வி


தேனி
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

அக்கா, அது அச்சுப் பிழை. அச்சகத்தில் சுரம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சரிபார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இதற்குப் போய் இவ்வளவு கோபமா? வீரபாண்டித் திருவிழா நெருங்கிவிட்டது. பாத்திரக்கடையில் காலையிலிருந்து நின்றபடியே இருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து மகள் இவாஞ்சலின் போன வாரம் வந்துபோனாள். அத்தையைப் பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

கடிதம் எழுதுங்கள். எனக்கும் எழுதுவதுதான் வசதியாக இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி
சுந்தர்ராஜ்


போடிநாயக்கனூர்
5 மே 2025

தம்பிக்கு ஸ்தோத்திரம், இந்த ஒரு தடவைக்கு.

அச்சகம் எழுத்தை விழுங்கும். வரியை இடம் மாற்றும். ஒரு பாட்டை இரண்டு முறை அடிக்கும். புத்தகத்தை நான் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் குரலை ஒரு கட்டை ஏற்றி ச-வில் வைத்திருக்கிறது. அதனோடு மோதாமல் இருக்க டெனர் பாடுகிற ஆண்களின் சுரத்தையும் இறக்கியிருக்கிறது. உங்கள் அச்சு எந்திரத்துக்கு இவ்வளவு சங்கீதம் தெரியுமென்றால் அதையே பாடகர் குழுவுக்குத் தலைவராக்கிவிடலாம்.

நீதான் மாற்றியிருக்கிறாய். அறுபத்திரண்டு வயதில் அக்காவிடம் பொய் சொல்கிறாய். எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. இந்தப் பொய்தான் வலிக்கிறது.

உண்மையை எழுது.

ஞானசெல்வி


தேனி
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

நான்தான் மாற்றினேன். அந்த இடம் கேட்க நன்றாக இல்லை. பிப்ரவரியில் ஒத்திகை ஆரம்பித்தபோது சிம்ரனை ஐந்து முறை பாடச் சொன்னேன். ஐந்து முறையும் பிசிறு. எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அவள் அன்றைக்கே புத்தகத்தை வைத்துவிட்டுப் போனவள்தான்.

கீபோர்டு வாசிக்கிற அஜய்குமாரிடமும் கேட்டேன். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதிச் சங்கீதம் படிக்கிறவன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணே, இதுக்குப் பேரு மைனர் மேஜர் செவன்த். புஸ்தகத்துல இருக்கு. சினிமால கொலைகாரன் கதவத் தொறக்கைல வாசிப்பாக. சர்ச்சுல யாருண்ணே வாசிக்கா?” என்றான். பாடகர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சபைக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அக்கா. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

தங்கள் தம்பி
சுந்தர்ராஜ்


போடிநாயக்கனூர்
30 ஜூன் 2025

தம்பிக்கு ஸ்தோத்திரம்.

அதற்குப் பெயர் இருக்கிறதா?

உன் கடிதத்தை அந்த வரியோடு மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. அந்தச் சேர்க்கை உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நாற்பத்து நான்கு வருடமாக நம்பியிருந்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பெடல் ஆர்கனில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தேடிக் கண்டுபிடித்தேன். யாரோ எனக்கு முன்பே கண்டுபிடித்து, பெயர் வைத்து, பரீட்சைக்குப் பாடமாக்கி, கொலைகாரனுக்கும் கொடுத்துவிட்டார்கள். உன் அத்தானிடம் சொன்னேன். “பேரு இருந்தா என்ன இப்ப? நம்ம வீட்டு நம்பரக்கூட நாமளா வச்சோம்? அதுக்காக வீடு நம்மது இல்லேன்னு ஆயிருமா?” என்றார். அவருக்குச் சாப்பாடு போடத் தாமதமானதுதான் கவலை.

பிறகு ஆர்மோனியத்தை எடுத்துவைத்து, அதில் என்னதான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். முன்பு காதால் செய்ததை இப்போது விரலால் எண்ணினேன். ச-விலிருந்து சின்ன க-வுக்கு மூன்று கட்டை. அங்கிருந்து ப-வுக்கு நான்கு. ப-விலிருந்து பெரிய நி-க்கும் நான்கு. கீழே இருக்கிற மூன்று சுரத்தை மட்டும் அழுத்தினால் துக்க வீடு. அடியில் உள்ள ச-வை விட்டுவிட்டு மேலே இருக்கிற மூன்றை மட்டும் அழுத்தினால் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எல்லாம் சம தூரம். எந்தப் பக்கம் சாய்வது என்று அதற்கே தெரியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கிறது. நி-க்கு மேலே ஒரே ஒரு கட்டை ஏறினால் ச, வீடு வந்துவிடும். அது ஏறாது. ஒரு படி கீழே நின்றுவிடும்.

நம் பக்கத்துக் கச்சேரிக்காரர்கள் இதையே கீரவாணி என்று ஒவ்வொரு சுரமாகப் பாடிக்கொண்டு போவார்கள். அப்போது அழகாக இருக்கும். நான்கையும் ஒன்றாக நிறுத்தினால்தான் தூக்கிவாரிப் போடும்.

எனக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று உனக்கு மறந்துவிட்டதா? எண்பதாம் வருடம் நவம்பர். எனக்கு இருபத்து நான்கு, உனக்குப் பதினேழு. கடையில் அண்டாக்களுக்கு நடுவில் அப்பா விழுந்தார். மூச்சு இல்லை என்று நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா பின்கட்டில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து அடி நடந்துபோய்ச் சொல்ல நம் இரண்டு பேருக்கும் கால் எழவில்லை. அழுகையும் வரவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு வேதத்தை வாசித்தபோது, அந்தப் பெண்களும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள் என்று இருந்தது. உயிர்த்தெழுந்தார் என்ற சந்தோஷம் அப்புறம்தான் வருகிறது. முதலில் திடுக்கிட்டார்கள். அதைத்தான் எழுதினேன்.

கதவு திறக்கும்போது வாசிப்பது என்று அஜய்குமார் சொன்னது சரி. எந்தக் கதவு என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. சிம்ரனைப் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். “அத்தை, நா சரியாத்தான் பாடுனேன். மாமா என்னைய நம்பவே இல்ல” என்றாள். அங்கேயே பாடச் சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு பிசிறும் இல்லை. அவளை எதற்குத் திட்டினாய்?

ஞானசெல்வி


தேனி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். நானும் நல்ல சுகம்.

அப்பா விழுந்த நாளை நான் மறக்கவில்லை.

பாடகர் குழுவை இனி வேறு யாராவது நடத்தட்டும் என்று போதகர் ஐயாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் நடத்தியாயிற்று, போதும். புதிதாக வருகிறவரிடம் உங்கள் சுரத்தைச் சொல்லி மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

சுந்தர்ராஜ்


போடிநாயக்கனூர்
30 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு ஸ்தோத்திரம்.

எட்டு வரி எழுதியிருக்கிறாய். என் சுரத்தை எடுத்ததற்கு அழவைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ பாட்டையே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நான் எங்கே கேட்டேன்? உன் அத்தான் என்னைப் பார்த்து, “ஒத்தக் கட்டைக்காகக் கூடப் பொறந்தவன வெரட்டிட்டியே” என்றார். நான் விரட்டவில்லை. சண்டை போடாமல் ஓடுகிறவன் இல்லை நீ. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நேற்று போடி பஸ் ஸ்டாண்டில் டெம்போ ஓட்டுகிற ஒச்சாண்டியைப் பார்த்தேன். பட்டறையிலிருந்து நம் கடைக்குப் பாத்திரம் ஏற்றி வருகிறவன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“அம்மா, சின்ன மொதலாளிக்கு என்ன ஆச்சு? பித்தளைக் கொடம் முப்பத்தாறையும் கீறல்னு திருப்பி அனுப்பிட்டாக. பட்டறைல ஒருத்தனுக்கும் வெளங்கல. நானே தட்டிப் பாத்தேன். ஒண்ணொண்ணும் கணீர்னு கோயில் மணியாட்டம் இருக்கு. போன மாசமும் இப்பிடித்தான், செம்பு இருவது உருப்படி.”

எட்டு வயதிலிருந்து குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவன் நீ. கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட ஒரு தட்டில் சொல்லிவிடுவாய். அப்பா உன்னைத்தான் கூப்பிடுவார், என்னைக் கூப்பிடமாட்டார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

ஒச்சாண்டியிடம் மூன்று செம்பு கொடுத்து அனுப்புகிறேன். மூன்றும் ஒரே அளவு. ஒன்றில் மட்டும் கீறல் இருக்கிறது. எதில் என்று தட்டிப் பார்த்து எழுது.

ஞானசெல்வி


தேனி
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம்.

செம்புகள் வந்து சேர்ந்தன. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்ததில்தான் கீறல். காலையில் பார்த்தேன், கீழே விரித்த காகிதம் நனைந்திருந்தது. மற்ற இரண்டும் நல்ல செம்பு.

சுந்தர்ராஜ்


போடிநாயக்கனூர்
16 அக்டோபர் 2025

தம்பி,

தட்டிப் பார்த்து எழுதச் சொன்னேன். நீ தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்திருக்கிறாய்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது.

எத்தனை நாளாக?

அக்கா


தேனி
11 நவம்பர் 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஒரு வருடமாகிறது. போன நவம்பரில் காய்ச்சல் வந்து படுத்திருந்தேனே, அது போன பிறகு இடது காது ஒரு சுரத்தை அதன் இடத்தில் கேட்பதில்லை. வலது காதில் ச கேட்கும்போதே இடது காதில் அதற்கு ஒரு கட்டை கீழே கேட்கிறது. பேச்சு புரிகிறது. ஆனால் இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கிறது. போன் என்றால் இன்னும் மோசம். போனில் பேசமாட்டேன் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நல்ல குடத்தைத் தட்டினாலும் இரண்டாகப் பிளந்து கேட்கிறது. கீறல் விழுந்த குடமும் அப்படித்தான். கோயில் மணி இரண்டு மணி. சிம்ரன் வாயைத் திறந்தால் இரண்டு சிம்ரன். அந்தப் பெண் ஐந்து முறையும் சரியாகத்தான் பாடியிருப்பாள். அது எனக்கு மார்ச் மாதமே தெரியும். தெரிந்தும் போய்ச் சொல்லவில்லை.

உங்கள் சுரத்தை எடுத்த காரணத்தைக் கேட்டீர்கள். எனக்கு இப்போது எந்தத் துக்கப் பாட்டும் மேல் ச-வில் முடிவதில்லை. முடிகிற இடத்தில் நி-யும் சேர்ந்து கேட்கிறது. எல்லாப் பாட்டும் உங்கள் பாட்டாகி நிற்கிறது. எது நீங்கள் எழுதியது, எது என் காது எழுதியது என்று தெரியவில்லை. காகிதத்திலிருந்து எடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்து எடுத்தேன். ஈஸ்டர் அன்று “காணோம்” என்ற இடம் வந்தது. அப்போதும் எனக்குக் கேட்டது. எடுத்தும் போகவில்லை. பாடுகிறவர்கள் பழக்கத்தில் பழைய சுரத்தையே பாடிவிட்டார்களோ என்று பார்த்தேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். உங்கள் முதுகைப் பார்த்துத்தான் அந்தச் சுரம் அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

பாட்டை நடத்திய கையை இறக்க மறந்து நின்றேன். அஜய்குமார்தான் கண்ணைக் காட்டினான்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து அடி நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். முடியவில்லை, அக்கா.

சுந்தர்


போடிநாயக்கனூர்
13 நவம்பர் 2025

சுந்தர்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு. உன் அத்தான் மூன்று முறை “என்னடி ஆச்சு?” என்று கேட்டுவிட்டார். சொல்வதற்கு எனக்கும் வாய் வரவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, “அய்யோ, என் மச்சினன!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

ஐந்து கடிதத்தில் நான்கில் ‘நான் சுகம்’ என்று எழுதினாய். ஒவ்வொன்றையும் நம்பினேன். அப்படித்தானே எழுதுவார்கள் என்று அதைத் தாண்டிப் படித்துக்கொண்டு போனேன். இந்த ஒரு கடிதத்தில்தான் அது இல்லை.

நான் உன்னைத் திட்டி எழுதிய எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன். கேட்காமல் சுரத்தை எடுத்தது தப்புதான். காது கெட்டதால் அது சரியாகிவிடாது. ஆனால் நீ தனியாக ஒரு வருடம் அந்தச் சுரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறாய். நான் அதை ஒரு சொல்லுக்கு மட்டும்தான் எழுதினேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பேரம் கிடையாது.

இது கைக்கு வருகிற அன்றைக்கே சாயங்காலம் நீ உன் மனைவியிடம் சொல்ல வேண்டும். வாயால் முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நில். ஓடாதே. இவாஞ்சலினிடம் அவள் சொல்லிக்கொள்வாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை உன் அத்தான் முதல் பஸ்ஸில் தேனிக்கு வருவார். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டுவார். சரியாகும், ஆகாது என்று நீயே முன்கூட்டித் தீர்ப்பு எழுதாதே. மெஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள். வழியில் அவர் உன்னிடம் அதிகம் பேசமாட்டார். அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தாறு குடத்தையும் இருபது செம்பையும் ஒச்சாண்டி திருப்பிக் கொண்டுவருவான். பட்டறைக்காரரிடம் தப்பு உன்னுடையது என்று நீ சொல்ல வேண்டும். தட்டிப் பார்க்கிற வேலையை இனி உன் மனைவி பார்க்கட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ தட்டுவதைக் கேட்டவள், அவளுக்குத் தெரியும்.

சிம்ரன் வீட்டுக்கு நீ நேரில் போக வேண்டும். அத்தோடு முடியாது. எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அவள் சரி, உன் காது தப்பு என்று. அவள் அழுதால் பேச்சை மாற்றாதே.

புத்தகம் எழுபது பிரதி. எல்லாவற்றிலும் மேல் ச-வை அடித்துவிட்டு நி எழுத வேண்டியது உன் கையால். டெனர் சுரத்தை அஜய்குமார் திருத்தட்டும். கீழே அதன் பெயரையும் எழுதச் சொல். பெயர் இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். கொலைகாரனைப் பற்றி இன்னொரு முறை சிரித்தால் நான் அங்கே வருவேன் என்றும் சொல்.

போதகர் ஐயாவுக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். நீ விலகவில்லை. கேட்காமல் எழுதியதற்குக் கோபப்படுவாய். படு.

சனிக்கிழமை ஒத்திகைகளுக்கு நான் வருவேன். உன் வலது பக்கம் உட்காருவேன். பிசிறு இருந்தால் என் முகத்தில் தெரியும். தெரியாவிட்டால் பிசிறு உன் காதில்தான், பாட்டை நிறுத்தாதே.

அடுத்த ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி. “காணோம்” என்ற இடத்தில் சிம்ரன் நி-யைப் பிடிப்பாள். அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, இனி எழுதவும் மாட்டேன். அதை நீ முடிவு செய். உன் கை மேலே இருக்கிறவரை அவள் நிறுத்தமாட்டாள். சபை திடுக்கிட்டு நிற்கட்டும், யாருக்கும் அவசரமில்லை. உனக்குப் போதும் என்று தோன்றும்போது கையை இறக்கு.

ஞானசெல்வி